தக்கை எந்தப் பக்கம்?

சுந்தர்சிங்குக்குத் தலையில் ஒரு கீறல்கூட இல்லை. ஹெல்மெட் போட்டிருந்தார். உப்பு லாரி சொட்டிவிட்டுப் போன தண்ணீரில் வண்டி வழுக்கி, மல்லாந்து விழுந்ததில் முதுகெலும்பு போயிற்று. துறைமுகத்தில் என் வீட்டுக்காரர் ரோச்சோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த மனிதர். இப்போது காலில் ஊசி குத்தினாலும் தெரியாமல் கிடக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இவரும் அதே ரோட்டில்தான் தினமும் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறார், ஆலந்தலையிலிருந்து தூத்துக்குடிக்கு. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போய்ச்சேர பஸ் கிடையாது. தலைக்கு ஹெல்மெட் விற்கிறார்கள், முதுகுக்கு என்ன விற்கிறார்கள்? கேட்ட இடத்திலெல்லாம் சிரித்தார்கள்.

"முதுகுக்குத்தான் உத்தரியம் தொங்குதேளா," என்று இவர், மார்பிலும் முதுகிலும் மாதா படத் துணி தொங்கும் கழுத்துக் கயிற்றை இழுத்துக் காட்டினார். மாதா காப்பாற்றுவாள், நான் இல்லையென்று சொல்லவில்லை. சுந்தர்சிங்கும் ஜெபம் பண்ணாமல் வீட்டைவிட்டுக் கிளம்பாதவர்தான்.

முதலில், மூட்டை தூக்குகிறவர்கள் கட்டும் அகலமான தோல் பெல்ட் வாங்கினேன். அது இடுப்போடு நின்றுவிட்டது. சுந்தர்சிங்குக்கு ஒடிந்தது அதற்கு மேலே. பிறகு தேங்காய் நார் அடைத்து நானே ஒரு மெத்தை தைத்தேன். இரண்டே நாளில் வியர்வை குடித்துக் கனத்துக் கீழே இறங்கிவிட்டது. "வாலு முளைச்ச மாதிரி இருக்கு" என்று கழற்றி எறிந்தார்.

கடைசியில், பழைய கப்பல் சாமான் விற்கும் அய்யாக்குட்டி அண்ணாச்சி கடையில் அந்தத் தக்கைச் சட்டையைப் பார்த்தேன். கப்பல்காரர்கள் போடும் லைஃப் ஜாக்கெட். காக்கித் துணிக்குள் மார்புப் பக்கம் கனமான தக்கைப் பலகைகள், முதுகுப் பக்கம் மெல்லிசு.

"இதைத் திருப்பிப் போட்டா போதும். கனம் முதுகுக்கு வந்துரும்," என்றேன்.

இவர் முகமே மாறிவிட்டது. "கடல்ல போறவன் எவனாவது இதைத் திருப்பிக் கட்டுவானாளா? தண்ணியில விழுந்தா குப்புறப் போட்டுரும். மூஞ்சி மேல வரவே வராது."

"நீங்க என்ன கடல்லயா வண்டி ஓட்டுதிய?"

அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. கரையில் உத்தியோகம் பார்த்தாலும் படகுக்காரர் வீட்டில் பிறந்தவர்.

அன்றிலிருந்து விடியுமுன் நானே கட்டிவிட்டேன். கனம் முதுகில். கோயில் முக்குத் திரும்பி வண்டிச் சத்தம் மறையும்வரை வாசலில் நிற்பேன். சாயங்காலம் அதே மாதிரி வந்து, அவரே அவிழ்த்து ஆணியில் மாட்டுவார். மூன்று மாதம் கொஞ்சம் தூங்கினேன்.

ஐப்பசி மழையில் உப்பளமெல்லாம் நிறைந்து, நடுவில் ரோடு மட்டும் மிச்சமிருந்தது. ஒருநாள் மூன்றரைக்கு வரவேண்டியவர் ஐந்தாகியும் வரவில்லை. செபமாலையை எடுத்தால் மணி தவறிக்கொண்டே இருந்தது. சுந்தர்சிங்கின் கால்கள்தான் கண்ணில் நின்றன.

வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. இவர் இறங்கினார். தன் இரண்டு காலால் நடந்து வந்தார்! தலை முதல் கால்வரை சேறு.

"பழையகாயல் தாண்டி லாரிக்கு ஒதுங்கினேன். வண்டியோட உப்பளத்து ஓடையில போயிட்டேன். தலை எதுலயோ இடிச்சு மயங்கிட்டு. லாரிக்காரரு வந்து இழுக்குறவரைக்கும் மல்லாக்க மெதந்து கெடந்தேனாம்."

மல்லாக்கவா? அப்போதுதான் பார்த்தேன். கனம் மார்பில் இருந்தது. நான் போடாத முடிச்சு, நீரில் ஊறி இறுகிக் கிடந்தது.

"முடிச்சு அவுக்க வரல," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "இல்லன்னா வழக்கம்போல முக்குலயே பழையபடி திருப்பிக் கட்டியிருப்பேன்."

"தினமுமா?"

"தினமும். கை கேக்க மாட்டேங்குதுளா."

மூன்று மாதமாக இந்த மனிதனின் முதுகுக்கு ஒன்றுமே இல்லை. நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். நான் கட்டியபடியே போயிருந்தாலோ இன்று குப்புறக் கிடந்திருப்பார். நானே கொன்றிருப்பேன். அந்தத் தக்கை மேலேயே இரண்டு கையாலும் குத்திக் குத்தி அழுதேன். அப்புறம் மீன் வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்தேன்.

மறுவாரம் வண்டி சரியாகி வந்தது. புதுக் கயிறு கோத்திருந்தேன். விடியுமுன் இவரே சட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"நீயே கட்டு. மாதா சத்தியமா மாத்த மாட்டேன். எந்தப் பக்கம்?"

வெளியே மழை விடவில்லை. தண்ணீரும் அங்கேதான், ரோடும் அங்கேதான். சட்டையை ஒருதரம் திருப்பினேன், மறுபடியும் திருப்பினேன். எந்தப் பக்கம் கட்டினாலும் ஒரு பக்கம் விட்டுப்போகிறது. பிறகு கனத்தை மார்பில் வைத்து இறுக்கிக் கட்டினேன். கதவைப் பூட்டிவிட்டு, சேலையை இழுத்துச் சொருகி, பின்சீட்டில் ஏறி அவர் முதுகோடு ஒட்டி உட்கார்ந்தேன்.

"ஏளா, நீ எங்கன வாற?"

"முதுகுக்கு," என்றேன். "திரும்பி வாரதுக்கு ஏழு மணி பஸ் இருக்கு. வண்டிய எடுங்க."

அன்று அவர் வேகம் முப்பதைத் தாண்டவே இல்லை.