அடிக்குப் பின் ஒரு வார்த்தை

சிறுமி பஞ்சாலையின் உள்ளங்கையில் பிரம்பு விழுந்தது. அவள் கையை உதறவில்லை. வகுப்பு முழுவதும் கேட்கும்படி, "தேங்க்யூ, டீச்சர்!" என்றாள். பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது.

"அதச் சொல்லக் கூடாதுன்னுதானே இப்ப அடிச்சேன்?" என்றாள் ஃபிளோரா.

"அடி வாங்கினா சொல்லணும்னு நீங்கதானே டீச்சர் பழக்குனீங்க? சொல்லலன்னா இன்னொண்ணு வுழுமே."

"இனிமே சொன்னாத்தான் விழும்."

"எனக்கு ஒண்ணு குடுங்க டீச்சர், நான் நல்லா சொல்லுவேன்லா!" என்று மாயாண்டி பெஞ்சைத் தாண்டிக் குதித்து வந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து கைகள் நீண்டன. ஃபிளோரா பிரம்பை மேசைமேல் போட்டுவிட்டு, அவர்களுக்கு முதுகு காட்டி நின்றாள்.

பாளையங்கோட்டையிலிருந்து கப்பலேறி, மலாயாவில் கோலா பிலா பக்கத்து இந்த ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவள் வந்தது ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத்தான். வெள்ளைக்காரத் துரை இருந்த காலம் அது. கரும்பலகையில் அவள் எழுதிய எதையும் பிள்ளைகள் வாயில் வாங்கவில்லை. ரப்பர் விதையைச் சிமெண்டுத் தரையில் சூடேறத் தேய்த்து, பக்கத்திலிருப்பவன் தொடையில் வைத்து அலறவிடுவதுதான் அவர்களுக்குப் பாடம். அத்தனை ஆண்டுகளில் ஒட்டிக்கொண்டது அந்த 'தேங்க்யூ, டீச்சர்' ஒன்றுதான். தண்டனை வாங்கியவர் நன்றி சொல்ல வேண்டும். அவள் படித்த கன்னியர் மடத்தில் அது மரியாதை. அதை அப்படியே இங்கே கொண்டுவந்து, சொல்லாதவர்களை மீண்டும் அடித்துச் சொல்ல வைத்தாள். மற்றதெல்லாம் காதோடு போயிற்று. இது தோலில் இறங்கிவிட்டது.

இப்போது துரை இல்லை. ஜப்பான்காரன் ஆட்சியில் ஆங்கிலத்துக்குத் தடை. சிரம்பானில் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்து அவளை நிப்பொங்கோ என்ற ஜப்பானிய மொழி ஆசிரியையாகத் திருப்பி அனுப்பினார்கள். பிள்ளைகளைவிட ஒரு பாடம்தான் முன்னால் இருந்தாள். முன்பு அடித்தால் மட்டும் வந்த அந்த ஒற்றை வாக்கியம், தடுத்த பிறகு லயத்து வீடுகளிலும் ஆற்றங்கரையிலும் அவர்கள் வாயில் துள்ளியது. அதைக் கேட்கும்போது அவளுக்குள் எங்கோ ஒரு மூலை குளிர்ந்ததுதான் அவளுக்கு மேலும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தைப் பார்க்க ஜப்பான் அதிகாரி வருகிறான் என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி நல்லசாமி சொல்லியிருந்தார்.

"அவன் கை சும்மா இருக்காது டீச்சர். போன எடத்துல ரெண்டு பிள்ளைங்க கன்னத்துல வுட்டுட்டுத்தான் பாடத்தையே கேட்டானாம்."

அவன் அடிப்பான். அடிபட்ட பிள்ளை அந்த வார்த்தையைச் சொல்லும். அதற்குப் பிறகு நடக்கப்போவது அவளுக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்து அந்தோணிதாஸ் மாஸ்டர் ஆங்கிலத்தில் பேசினார் என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் மனைவி இன்றும் ரோட்டோரம் வந்து நிற்கிறாள்.

ஃபிளோரா பிள்ளைகளிடம் கெஞ்சிப் பார்த்தாள். தன் பங்கு மரவள்ளிக்கிழங்கைச் சுட்டுப் பங்கிட்டுப் பார்த்தாள். கிழங்கைத் தின்றுவிட்டு, "தேங்க்யூ, டீச்சர்!" என்று கூவிக்கொண்டு ஓடினார்கள். கடைசியில் பிரம்பை எடுத்தாள். அடித்தால் வரும் வார்த்தையை அடித்தே நிறுத்தப் பார்த்தாள். ஒவ்வொரு அடியும் அதை இன்னும் ஆழமாக அறைந்தது. இது பாடத்துக்காக அடிக்கும் அடியில்லை, பயத்தில் அடிக்கும் அடி என்று அவளுக்கே தெரிந்தது.

வியாழன் சாயங்காலம் பஞ்சாலையை லயத்துக் குழாயடியில் பிடித்தாள். மற்றவர்கள் இந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்துத்தான் ஆடுகிறார்கள்.

"அந்தோணிதாஸ் மாஸ்டர் திரும்பி வரலம்மா. ஒனக்குத் தெரியுந்தானே?"

"ரயில் ரோடு போடப் போன எங்கப்பாவுந்தான் சயாம்லேருந்து வரல," என்றாள் பஞ்சாலை, வாளியை நிமிர்த்தியபடி. "அவருக்கு ஒரு வார்த்த இங்கிலீசு தெரியாது டீச்சர்."



"எனக்குப் பயமா இருக்கு பஞ்சாலை," என்றாள் ஃபிளோரா.

சிறுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை அதிகாரி கிராணியோடு வந்தான். பிள்ளைகள் ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே திரும்பிக் குனிந்தார்கள். மாயாண்டி பிந்திக் குனிந்தான். அதிகாரி நிதானமாக நடந்துபோய் அவன் கன்னத்தில் அறைந்தான்.

மாயாண்டியின் உதடுகள் பிரிந்தன. பின்னால் நின்ற பஞ்சாலை அவன் இடுப்புச் சதையைத் திருகினாள். அவன் வாய் மூடிக்கொண்டது. கண்ணீர் மட்டும் வழிந்தது.

சொல்லவில்லை. கர்த்தாவே, சொல்லவில்லை.

அந்த நிம்மதியில் அதிகாரி தன்னிடம் ஏதோ கேட்டதை ஃபிளோரா கவனிக்கவில்லை. அவன் மறுபடி கேட்டான். புரியவில்லை. குனிய வேண்டுமா, பதில் சொல்ல வேண்டுமா என்று தடுமாறும்போதே கன்னத்தில் அறை விழுந்தது.

"தேங்க்யூ..."

யார் சொன்னது என்று ஒரு கணம் வகுப்பைப் பார்த்தாள். எல்லாக் கண்களும் அவள் வாயைப் பார்த்தன.

"இச்சி! நி! சான்!" என்று பஞ்சாலை வீரிட்டாள். மாயாண்டி காலால் தரையை உதைத்துக்கொண்டு சேர்ந்தான். அடுத்த நொடி வகுப்பே ஜப்பானிய எண்களைக் கத்தியது. பெஞ்சுகள் அதிர்ந்தன, தகரக்கூரை அதிர்ந்தது. அதிகாரி சுற்றிலும் பார்த்தான், கிராணியிடம் ஏதோ உறுமினான், வெளியே நடந்தான்.

வண்டி போனதும் நல்லசாமி திரும்பி வந்தார்.

"பிள்ளைங்க சத்தம் பெருசுங்கறான். மெச்சினானா, திட்டுனானா, எனக்கே வெளங்கல. அடுத்த மாசம் மறுபடி வாரானாம்." குரலைத் தாழ்த்தினார். "நீங்க சொன்னது என் காதுல வுழுந்துச்சும்மா. எனக்குக் காது மந்தம்னு வச்சுக்குவோம். எத்தன வாட்டி வச்சுக்கறது?"

அவர் போன பிறகும் பிள்ளைகள் ஓடவில்லை. யாரும் சிரிக்கவுமில்லை.

"டீச்சர்," என்றாள் பஞ்சாலை, "ஒங்கள யாரு அடிச்சுப் பழக்குனா?"

ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. கஞ்சி போட்ட வெள்ளை அங்கியின் கை விளிம்பு ஒன்று மட்டும் வந்தது. அன்பான இடம் என்றுதான் இத்தனை காலமும் எல்லாரிடமும் அந்த மடத்தைப் பற்றிச் சொல்லி வந்திருக்கிறாள்.

"சின்னப் பிள்ளையில," என்றாள்.

"ரொம்பவா?"

ஃபிளோரா மேசையிலிருந்த பிரம்பை எடுத்து அவளிடம் நீட்டினாள். கையை விரித்தாள்.

"அடி."

"ஐயோ, நா மாட்டேன் டீச்சர்!"

"அடுத்த மாசம் அவன் வருவான். நீங்கள்லாம் வாய மூடிக்கிட்டீங்க. எனக்கு முடியல. இந்தப் பழக்கத்த வேற எப்படி விடறதுன்னு எனக்குத் தெரியலம்மா."

பஞ்சாலை மாயாண்டியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் பிரம்பை வாங்கி, இலையைத் தட்டுவதுபோலத் தட்டினாள்.

"இது அடியில்ல."

இரண்டாவது அடி வலித்தது. வார்த்தை அடிவயிற்றிலிருந்து எழுந்து தொண்டைக்கு வந்தது. பல்லைக் கடித்தாள். பல்லிடுக்கில் பாதி கசிந்து வெளியே வந்துவிட்டது. பஞ்சாலையின் முகம் கோணியது.

"வந்துருச்சு டீச்சர்," என்றாள் அழுகையோடு.

"தெரியும்," என்றாள் ஃபிளோரா. கையை மடக்கவில்லை. "இன்னொண்ணு."