தும்மல்காரர் திறக்காத கதவு

என் தங்கை புருஷன் கதை எழுதுகிறவர். தும்மல்காரர் என்று ஒரு துப்பறிவாளர். திருடன் கிட்டே வந்தால் தும்முவார், ஆனால் பக்கத்தில் நிற்கிற வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார். இருபத்தெட்டுப் புத்தகம் வந்துவிட்டது. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

நான் பூட்டு ரிப்பேர் பார்க்கிறவன். ஒவ்வொரு புத்தகத்துக்கும், பூட்டிய கதவைச் சாவியில்லாமல் திறக்க ஒரு வழி கேட்டு என் கடைக்கு வருவார். சொல்லி அனுப்புவேன். நான் சொன்னேன் என்று ஒரு வரி போட்டதில்லை.

இருபத்தெட்டாவதில் என்னைப் போட்டார். இடது கையில் பாதி விரல் இல்லாத பூட்டுக்காரன். ரிப்பேருக்கு வருகிற பூட்டுக்கெல்லாம் திருட்டுச் சாவி செய்து ஆணியில் மாட்டிவைப்பவன். அவன்தான் கொலைகாரன். என் பாதி விரலைத் தெருவே அறியும்.

பத்து வருஷமாக வருகிற டீச்சரம்மா, கொடுத்த பூட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். சுவரிலிருந்த ஆணிகளை ஒரு நோட்டம் விட்டார்.

"வேற இடத்துல பாத்துக்கறேன்."

அந்த வாரம் அவரைப் போல இன்னும் நாலு பேர்.

தங்கை வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "கதைதானே மச்சான், இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு" என்று பல்லைக் காட்டினார். தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை தங்கை போன் செய்தாள். அவர் எழுதுகிற அறையின் சாவி பூட்டுக்குள்ளேயே ஒடிந்துவிட்டதாம். இருபத்தொன்பதாவது கதை உள்ளே. அதை வாங்கிப்போக வந்த பதிப்பாளர் வெளியே.

போனேன். பையைத் திறக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன மச்சான், வேடிக்கை பாக்க வந்தீங்களா?"

"ஆமா. உங்க புத்தகத்துல இருபத்தெட்டு வழி இருக்கே மாப்பிள்ளை. திறங்க."

பதிப்பாளருக்கும் ஆசை. அலமாரியிலிருந்து புத்தகங்களை எடுத்து ஒவ்வொரு வழியாகப் படித்துக்காட்டினார். கொண்டை ஊசி வளைந்தது. சோப்புத் துண்டு துவாரத்தில் அடைத்துக்கொண்டது. ஸ்பூன் முறிந்தது. மாப்பிள்ளை முழங்காலில் நின்று வியர்த்தார்.

"ஒண்ணும் வேலைக்காகாது" என்றேன். "எல்லாம் நான் கட்டிவிட்டது. நிஜ வழி அச்சுல வந்தா நாளைக்கு எவன் வீட்டுக் கதவு நிக்கும்? உங்களை நான் நம்பினதே இல்லை."

பதிப்பாளர் முகம் செத்துவிட்டது. "ஐயா, இது வெளிய தெரிஞ்சா எங்க மானம் போயிடும்."

"என் மானம் போய் ஒரு வாரம் ஆச்சு. அடுத்த பதிப்புல கொலைகாரனை மாத்துங்க."

"யாரா மாத்தறது?" என்று மாப்பிள்ளை முனகினார்.

"கதை எழுதறவனா."

சமையலறையில் தங்கை சிரித்தது கேட்டது.

மாற்றிவிடுவதாக இரண்டு பேரும் தலையாட்டினார்கள். எல்லோரையும் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன். மேசைமேலிருந்த காகிதக் கட்டை எடுத்து என் பையில் போட்டேன்.

"அது என் கதை மச்சான்."

"உங்க வாக்கை நம்பிட்டுப் போக நான் என்ன உங்க வாசகனா? என் இரும்புப் பெட்டியில இருக்கட்டும்."

"எப்ப தருவீங்க?" என்றார் பதிப்பாளர்.

"டீச்சரம்மா பூட்டோட திரும்பி வரட்டும். அன்னிக்கு."