கம்பம் வழியாக ஓர் அணைப்பு

கடம்பங்குளத்தில் ஒருவர் இன்னொருவரைக் கட்டிப்பிடித்து, அந்த இன்னொருவர் போய் மூன்றாமவரைக் கட்டிப்பிடித்தால், முதலாமவரே மூன்றாமவரைக் கட்டிப்பிடித்ததாக ஆகிவிடும். பேச்சுக்குச் சொல்வதல்ல, கைச்சூடு முதற்கொண்டு போய்ச் சேரும்.

சொர்ணத்தாய்க்கு அன்று அக்காள் பேச்சியம்மாளைக் கட்டிப்பிடித்தே ஆக வேண்டும். கோயில் கொடைத் திருவிழாவில் அக்காள் வைத்த பொங்கல் குழைந்துவிட்டது என்று இவள் நாலு பேர் முன்னால் சொன்னதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. இப்போது அக்காள் மகனோடு இருக்கத் தூத்துக்குடிக்கே போகிறாள், சாயங்கால பஸ்ஸில். நேரே போய் நின்றால் கதவைச் சாத்திவிடுவாள்.

பேச்சியம்மாள் தன் எருமையின் கழுத்தைத்தான் கட்டிக்கொள்வாள் என்று கேள்விப்பட்டு, காலையிலேயே போய் எருமையைக் கட்டிப்பிடித்தாள். மத்தியானம் மாட்டு டாக்டர் இவள் வீட்டுக்கு வந்து, தன்னை எதற்காக அணைத்தாள் என்று மரியாதையாகக் கேட்டார். ஊசி போடும்போது எருமை அவர்மேல் சாய்ந்ததாம். அப்போதுதான் இவளுக்குப் புரிந்தது: அக்காள்தான் எருமையைக் கட்டிக்கொள்கிறாள், எருமை அக்காளைக் கட்டிக்கொள்வதில்லை. திசை தப்பு. டாக்டர் டீ குடித்துவிட்டு, பஸ் நிறுத்தத்தில் ஒரு மின்கம்பம் இருப்பதை ஞாபகப்படுத்தினார். சாய்கிறவர்களை அது தாங்குகிறது. தாங்குவதும் அணைப்பில் சேர்த்திதான்.

சொர்ணத்தாய் ஓடிப்போய்க் கம்பத்தை இறுகக் கட்டிப்பிடித்தாள். பிறகு டீக்கடை ஓரமாக நின்றுகொண்டாள்.

பேச்சியம்மாள் பெட்டியோடு வந்தாள். கால் வலித்ததோ என்னவோ, கம்பத்தில் சாய்ந்தாள். சற்று நேரம் அப்படியே நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீக்கடைப் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"ஏட்டி சொர்ணம், இன்னும் எலும்பும் தோலுமாத்தான் இருக்கியா? நேரத்துக்குச் சாப்பிடு."

பஸ் வந்தது. போய்விட்டாள்.

சொர்ணத்தாய்க்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கம்பம் கம்பியால் அடுத்த கம்பத்தைப் பிடித்திருந்தது. அது அதற்கடுத்ததை. தூத்துக்குடிவரை அப்படித்தான். அங்கிருந்து இங்குவரையும் அப்படித்தான்.

மறுநாள் காலையில் வாசல் பெருக்கிவிட்டு, கம்பத்தில் போய்ச் சாய்ந்தாள். முதலில் கருவாட்டு வாசனையோடு முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் கைகள் வந்தன. அவருக்கு வழிவிட்டு, அக்காளின் முறை வரும்வரை காத்திருந்தாள்.