குண்டாங்கரட்டில் இலை காயாத ஏழு வருஷம்

1976-ஆம் வருஷம் பங்குனி மாதம் கடைசிச் செவ்வாய்க்கிழமை குண்டாங்கரட்டு உச்சியில் போட்ட இருநூற்றுப் பதினோரு வாழை இலைகள் ஏழு வருஷம் காயவில்லை. பங்குனி வெயிலில் அந்தப் பாறையில் பிழிந்து போட்ட வேட்டி கால் மணி நேரத்தில் விறைத்துப்போகும். இலைகள் மட்டும் அறுத்த அன்றைய பச்சையிலேயே கிடந்தன. அவற்றின் மேல் கடித்த எலும்பும் மிச்சச் சோறும் குழம்பும் ஒரு நாளும் வற்றாமல் நொதித்துக்கொண்டே இருந்தன.

மதுரையை ஒட்டிய பரவையிலிருந்து மேற்கே மாட்டுவண்டியில் ஒன்றரை மணி நேரம் போனால் வருவது குண்டாங்கரடு. மலை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. மொட்டைப் பாறை, இடுக்கில் நாலு கள்ளிப் புதர், கிழக்கே ஒரு கண்மாய், மேற்கே கடலையும் சோளமும் போடும் மானாவாரிக் காடு, அவ்வளவுதான். உச்சியில் கரட்டுச்சாமிக்குக் கிடா வெட்டி, ஆக்கித் தின்பது ஆம்பிளைகள் மட்டும். படி அரிசி அளந்து கொடுப்பது பெண்கள், மசால் அரைத்துக் கொடுப்பதும் பெண்கள். அரைத்த மசால் கரடேறலாம், அரைத்த கை ஏறக்கூடாது. தின்ற இலையை யாரும் மடிப்பதில்லை, எடுப்பதுமில்லை. எச்சிலோடு அப்படியே விட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும். அந்த இலைகள் காய்ந்து சருகாகும்வரை எந்தப் பெண்ணும் கரட்டு எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது. வழக்கமாக மூன்றாம் நாள் காய்ந்துவிடும் என்பதால் அதுவரை யாருக்கும் இதில் நஷ்டமில்லை.

பந்தி உட்காருமுன் வீட்டுக்கு ஒரு பேராக வாசிப்பார்கள். பேருக்குரியவன் குரல் கொடுத்தால் இலை விழும். கருத்தக்கண்ணன் என்றொருவன் வருஷா வருஷம் கடைசி ஆளாகத்தான் வருவான், அவன் பேரை வாசிக்கும்போது அவன் தம்பி மலையாண்டிதான் குரல் கொடுப்பான். அந்த வருஷம் தை மாதமே கருத்தக்கண்ணன் மஞ்சள் காமாலையில் செத்துப்போயிருந்தான். அவன் பெண்டாட்டி பாண்டியம்மாள் படி அரிசி கொடுத்திருந்ததால் பேர் சீட்டில் இருந்தது. வாசித்தார்கள். மலையாண்டி கறிச்சட்டியைப் பார்த்துக்கொண்டே பழக்கத்தில், "வந்துக்கிட்டிருக்கான்" என்றான். இலை விழுந்தது, சோறு விழுந்தது, கறி விழுந்தது. தப்பு புரிந்ததும் பந்தியே சிரித்தது. அந்த இலையை எடுக்க ஒருவனும் எழுந்திருக்கவில்லை. கறி ஆறிவிடுமே என்ற கவலை அவர்களுக்கு. வயிறு முட்டத் தின்று ஏப்பம் விட்டபடி இறங்கிப்போனார்கள்.

பாண்டியம்மாளுக்கு இருந்த சொத்து கரட்டின் மேற்கடியில் ஒன்றேகால் ஏக்கர் மட்டும். எல்லைக்கல்லுக்கு உள்பக்கம் கிடந்த நிலம். மூன்றாம் நாள் களைக்கொத்தோடு கல் வரைக்கும் போனவளைப் பெரியவர்கள் மறித்தார்கள். "இலை காயலத்தா, ரெண்டு நாள் பொறு." பொறுத்தாள். பிறகு ஒரு வாரம் பொறுத்தாள், ஆடி வரை பொறுத்தாள். ஆடியில் விதைக்காவிட்டால் காடு தரிசாகிவிடும் என்றபோது மலையாண்டி வந்து நின்றான். "நீங்க எதுக்கு மதினி சங்கடப்படுறீக, நான் பாத்துக்கிறேன்" என்றான். முதல் வருஷம் விளைந்ததில் பாதியைக் கொண்டுவந்து போட்டான். அடுத்த வருஷம் இரண்டு மூடை. நாலாவது வருஷம் ஒரு சாக்கில் பொக்குக் கடலையாகப் பொறுக்கிக்கொண்டு வந்து வாசலில் சாய்த்துவிட்டு, மோர் இருக்கா மதினி என்று கேட்டான். அவள் மோர் கொடுத்தாள். அவன் குடித்த செம்பைப் புளி போட்டு மூன்று தடவை தேய்த்தாள்.

நாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முதல் வருஷம் அது கரட்டைத் தாண்டவில்லை. இரண்டாம் வருஷம் கண்மாய்த் தண்ணீரின் மேல் ஆட்டுக் கொழுப்பு ஆடையாகப் படர்ந்தது, எருமைகள் கரையிலேயே நின்று கத்தின. மூன்றாம் வருஷம் மேல்காற்று அடித்த நாட்களில் பரவைச் சந்தையில் காய்கறி வியாபாரிகள் மூக்கில் கற்பூரம் வைத்துக்கொண்டு எடை போட்டார்கள். ஈக்கள் நாவல்பழ அளவுக்குக் கொழுத்துப்போய்ப் பறக்க முடியாமல் நடந்தே ஊருக்குள் வந்தன. இலைகளை அள்ளிக் கண்மாயில் எறிந்தார்கள். மறுநாள் காலையில் வரிசை கலையாமல் அதே இடத்தில் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். மண்ணெண்ணெய்தான் எரிந்தது. மதுரையிலிருந்து சீதாராமன் என்ற சுகாதார ஆய்வாளர் ஜீப்பில் வந்து ஆறு மூடை பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டு, வாந்தி எடுத்துவிட்டுப் போனார். மறுநாள் அந்தப் பவுடர் ஒவ்வொரு இலையிலும் உப்பு வைக்கிற மூலையில் சிட்டிகை சிட்டிகையாக வைக்கப்பட்டிருந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் கிடாவிருந்து ஒரு வருஷம் நிற்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பு. பத்தடி தள்ளி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கவளத்துக்குக் கவளம் துண்டைத் தூக்கித் தூக்கித் தின்றார்கள். அந்தந்த வருஷத்து இலைகள் ஒழுங்காக மூன்றாம் நாள் காய்ந்தன. பழைய இருநூற்றுப் பதினொன்று மட்டும் காயவில்லை. கருத்தக்கண்ணன் பேரைச் சீட்டிலிருந்து அடித்துவிட்டார்கள், ஆனால் அவன் வீட்டுப் படி அரிசியை வாங்கத் தவறவில்லை. நிலத்தைப் பற்றிப் பாண்டியம்மாள் எப்போது கேட்டாலும் ஊர்க்கூட்டம் ஒரே பதிலைத்தான் சொன்னது. இலை காயட்டும்.

1983-இல் மழை பொய்த்து ஊரே வறண்டு கிடந்தது. அந்த மாசியில் மலையாண்டி அவள் காட்டில் வீடு கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினான். கிராம அதிகாரியைப் பார்த்து அடங்கல் கணக்கில் தன் பேரை ஏற்றிக்கொள்ளப்போகிறான் என்றும் பேச்சு வந்தது. அன்றைக்குப் பாண்டியம்மாள், பந்தியில் சோறு பரிமாறும் முத்திருளனைக் கிணற்றடியில் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அம்புட்டு இலையும் ஒரே மாதிரியா கெடக்கு?"

"அம்புட்டும் எச்சி இலைத்தா. ஒண்ணு மட்டும் வச்சது வச்சபடி இருக்கு. இன்னமும் ஆவி பறக்குது. கிட்டப் போயிப் பாத்தா புழு நெளியுது."

"யாரு இலைண்ணே அது?"

முத்திருளன் வாளிக்குள் பார்த்துக்கொண்டு, "ஒம் புருசன் இலைதான்" என்றான். தம்பிக்காரன் குரல் கொடுத்ததையும் பந்தியே சிரித்ததையும் சொன்னான். ஏழு வருஷமாக இதை இருநூற்றுப் பத்து ஆம்பிளைகள் அறிந்திருந்தார்கள், ஒருவன்கூட அவளிடம் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. காறித் துப்பிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். வருவான் என்று சொல்லி யாருக்கு இலை போட்டார்களோ அவனுக்காகப் பந்தி இன்னும் காத்திருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் சாப்பிட வருவதற்காக அவளும் எத்தனையோ நாள் உலையைக் கிளறிக்கொண்டு காத்திருந்தவள்தான்.

பங்குனிக் கடைசிச் செவ்வாய், உச்சி வெயிலில், ஆம்பிளைகள் கிடாவை உரித்துக்கொண்டிருந்தபோது அவள் எல்லைக்கல்லைத் தாண்டி ஏறினாள். "ஏத்தா, எறங்கு! சாமி குத்தமாயிரும்!" என்று கத்தினார்கள். கிட்டே வந்து மறிக்க ஆளில்லை, பழைய பந்திக்குள் கால் வைக்க எவனுக்கும் குடல் இடம் கொடுக்கவில்லை. எச்சில் இலைகளுக்கு நடுவே கணுக்கால் வரை சளசளக்க நடந்துபோய், ஆவி பறக்கும் இலையைக் கண்டுபிடித்து, அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கறி சூடாக இருந்தது. வெந்த கறிக்குள் புழுக்கள் உயிரோடு இருந்தன. பிசைந்தாள். முதல் கவளம் தொண்டையிலிருந்து திரும்பி வாய்க்கு வந்தது, வாயை மூடிக்கொண்டு மறுபடி விழுங்கினாள். இரண்டாவதும் அப்படித்தான். பிறகு ஒழுங்காக உள்ளே போயிற்று. ஒரு பருக்கை விடாமல் தின்றாள், எலும்பை உறிஞ்சினாள், குழம்பை வழித்து நக்கினாள். பார்த்துக்கொண்டிருந்த மலையாண்டி பாறையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

கரட்டில் யாரும் மடிக்காத இலையை அவள் மடித்தாள். தன் பக்கமாக அல்ல, துக்க வீட்டில் மடிப்பதுபோல எதிர்ப்பக்கமாக. மடித்துவிட்டுப் பந்தியைப் பார்த்துச் சொன்னாள்:

"அவுக வரமாட்டாக. அம்புட்டுத்தான். எந்திரிச்சுப் போங்க."

வெற்றிலை மெல்லும் நேரம்கூட ஆகவில்லை. ஓரத்தில் சுருண்ட ஓர் இலை படபடத்தது, பிறகு அடுத்தது, பிறகு வரிசை வரிசையாக இருநூற்றுப் பதினொன்றும் சருகாகின. காற்று அவற்றைத் தூக்கிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போயிற்று. பாறையில் எண்ணெய்ப் பிசுக்குகூட மிஞ்சவில்லை. பாண்டியம்மாள் மேற்குப் பக்கமாக இறங்கித் தன் காட்டுக்குப் போய், மலையாண்டி தோண்டிய வானத்தைச் சாயங்காலத்துக்குள் மண் தள்ளி மூடினாள். இலைகள் காய்ந்துவிட்டதால் அவளை மறிக்க ஊரிடம் வார்த்தை இல்லை. கறி எப்படி இருந்தது என்று பெண்கள் கேட்டதற்கு, "உப்பு பத்தல" என்றாள்.

மறு வருஷம் பேர் வாசித்தபோது பாண்டியம்மாள் பேரையும் வாசித்தார்கள், விட்டுவிட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. எல்லோரும் மலையாண்டியைப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்து, திறந்த வாயை மூடிக்கொண்டு, எழுந்து கரட்டை இறங்கிக் காட்டு வரப்பில் போய் நின்றான்.

"மதினி, இலை போட்டாச்சு."

"இந்த நெரையை முடிச்சுட்டு வாரேன்."

மேலே மிச்ச இருநூற்றொன்பது ஆம்பிளைகள் சோற்றுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கறியில் ஈ மொய்த்தது, கொழுப்பு வெள்ளையாக உறைந்தது. ஒருவனும் இலையில் கை வைக்கவில்லை. அவள் நிதானமாக ஏறிவந்து, தன் இலையிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு, "ம், தின்னுங்க" என்று சொல்லிவிட்டுக் களைக்கொத்தோடு திரும்பிப் போனாள். இலைகள் மூன்றாம் நாள் காய்ந்தன. அதன் பிறகு ஒவ்வொரு பங்குனியிலும் அப்படித்தான் நடக்கிறது. மூக்கருகே வரும் ஈயைக்கூட யாரும் விரட்டுவதில்லை. பாண்டியம்மாளும் களையை அவசரப்பட்டுக் கொத்துவதில்லை.