மூண்டு குத்துப் போட்ட கொலெற்

பால்மா ரின்னைத் திரும்பவும் மேசையில கவிட்டுக் கொட்டினான் குகதாசன். பதினொரு கொலெற்றும் உருண்டு ஓடிச்சுது. விடிய லேத்துக் கடை திறந்ததில இருந்து இது நாலாவது தரம்.

கொலெற் எண்டுறது நுனி பிளந்த ஒரு இரும்புக் குழல். இரும்பில பள்ளம் வெட்டுற மில்லிங் மெசின்ர தலைக்குள்ள அதைச் செருகி, அதுக்குள்ள கட்டரை வைச்சு இறுக்கினா, பிளவு நெருங்கிக் கட்டரைக் கவ்விப் பிடிக்கும். சைஸ் சரியா இருந்தாத்தான் பிடிக்கும். இந்தப் பதினொண்டில ஒண்டிலயும் சைஸ் எழுதேல்லை. பக்கத்தில கூர் உளியால குத்தின குத்துகள் மட்டும்தான் கிடக்கு. சிலதில இரண்டு குத்து, சிலதில மூண்டு, நாலு, ஒண்டில ஆறு.

மெசின் சின்னன், பழசு. நெளுக்குளத்தில ராஜரத்தினம் எண்டவர் வைச்சிருந்தது. அந்தாள் செத்து மூண்டு மாசம். அவற்ற மனுசி மீனம்மா போன கிழமைதான் மெசினையும் ரின்னையும் வித்து ஏத்தி விட்டவா. விளக்கப் புத்தகம் ஒண்டும் இல்லை. கூட வந்த ஒரு பழைய கட்டரைத் தேஞ்சதெண்டு பழைய இரும்பு போடுற கறள் பெட்டிக்குள்ள எறிஞ்சுபோட்டான்.

வாசல்ல கமலேஸ்வரியக்கா நிக்கிறா. இருக்கக் கதிரை போட்டுக் குடுத்தும் இருக்கேல்லை. கடைக்குப் பின்பக்கம் அவாவின்ர இரண்டு ஏக்கர் நெல்லு முத்திச் சரிஞ்சு போய்க் கிடக்கு. நடு வயலுக்குள்ள நெல்லு வெட்டு மெசின், சாப்ற் எண்டுற சுழல் தண்டு முறிஞ்சு நிக்குது. கிழக்கால வானம் கறுத்துக்கொண்டு வருது. போன காலபோகம் வெள்ளத்தோட போனது. இதுவும் போனா வீட்டில உலையில போட ஒண்டும் இல்லை.

“தம்பி குகன், ஏதும் சரிவருதோ?”

“பொறுங்கோ அக்கா.”

சொல்லிப்போட்டானே தவிர, என்னத்துக்குப் பொறுக்கச் சொன்னவன் எண்டு அவனுக்கே தெரியாது. புதுச் சாப்ற் கடைஞ்சாச்சு. அதில சில்லு வழுக்காமப் பிடிக்கிற இரும்புக் கட்டை, கீ, இறங்கிறதுக்கு ஒரு நீட்டு வெட்டுத்தான் மிச்சம். முந்தியெண்டா உளியும் அரமும் எடுத்துக் கையாலயே இறக்கிப்போடுவான். சண்டைக்குள்ள செல் சிதறிப் பட்ட வலது கையில இப்ப மூண்டு விரல் மடங்காது. அதுக்காகத்தானே உந்த மெசினை வாங்கினது. வவுனியாப் பட்டறையளில கேட்டதுக்கு, அறுவடை நேரம், நாளைக்குப் பின்னேரம்தான் பாக்கலாம் எண்டுபோட்டாங்கள்.

வெட்டு மெசின் ஓட்டுற தயாபரன் எண்ணெய்க் கையோட பக்கத்தில குந்தினான்.

“என்னண்ணை, கொலெற்றுக்கும் கட்டருக்கும் பொருத்தம் பாக்கிறியளோ? பத்தும் பாக்காதேங்கோ. இரண்டு பொருந்தினாலே காணும், தாலியைக் கட்டுவம்.”

“பகிடி விடாத தயா. உன்ர மெசின்தான் முறிஞ்சது.”

“அழுதா ஒட்டுமெண்டா அழுறன் அண்ணை.”

வேர்ணியரால அளந்து பாத்தான். பிளந்த வாய் சொன்னபடி நிக்குதில்லை. ஒருக்கா ஒன்பதரை காட்டுது, ஒருக்கா பத்துக்குக் கிட்டக் காட்டுது. போனில இருக்கிற லேத்துக்காரற்ற குறூப்பில படம் போட்டான். படம் தெளிவில்லை எண்டு ஒருத்தன். வாங்க முதல் கேட்டிருக்கலாமே எண்டு இன்னொருத்தன், சிரிக்கிற முகத்தோட.

கடைசியில மூண்டு குத்துப் போட்டதை எடுத்து, பத்து மில்லிமீற்றர்தான் எண்டு முடிவு கட்டினான். புதுப் பத்துக் கட்டர் இறுக்கமா நிண்டுது. மரச் சுத்தியலால தட்டி இறக்கினான். மெசினைப் போட்டான். கட்டர் குடை ராட்டினம் மாதிரி ஆடிச்சுது. நிப்பாட்டக் கையை நீட்ட முதல் “டக்” எண்டொரு சத்தம். கட்டர் இரண்டு துண்டு. சாப்ற்றில ஆழமா ஒரு கிழியல்.

கமலேஸ்வரியக்கா உள்ள வந்து சாப்ற்றைத் தொட்டுப் பாத்தா.

“இது இனி உதவாதோ?”

“இல்லை அக்கா.”

“வேற இரும்பு?”

“இன்னும் ஒரு துண்டு கிடக்கு. ஒண்டுதான்.”

அவா தலையை ஆட்டிப்போட்டுப் பழையபடி வாசலுக்குப் போயிட்டா. ஏசியிருந்தா அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

கடைசித் துண்டை லேத்தில பூட்டிக் கடையிறதுக்குள்ளயே மத்தியானம் ஆகிட்டுது. கடைஞ்சு முடிச்சும் அதை மில்லிங் மெசினில வைக்கக் கை வரேல்லை. வேற வழியில்லாம மீனம்மாவுக்குப் போன் அடிச்சான்.

“அக்கா, அந்தக் கொலெற்றுகளில குத்துக் குத்தினது அண்ணையோ?”

“எனக்கு உதுகள் விளங்காது தம்பி. நான் பட்டறைப் பக்கமே போறேல்லை. ஒருக்காப் போய்ப் பேச்சு வாங்கினது காணும்.”

“ஏன், என்ன பேச்சு?”

“மூண்டு நூலை எடு எண்டு கத்தினார். நானும் ஓடிப்போய்த் தையல் பெட்டியில இருந்து மூண்டு நூல்கட்டையைக் கொண்டுபோய் நீட்டினன். வெள்ளை, கறுப்பு, சிவப்பு.” போனுக்குள்ள அவா சிரிச்சா. “நிண்ட ஆக்களெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சவை. அந்தாள் மரவேலையில பழகினதெல்லே, எல்லாம் நூல் கணக்குத்தான். கதவெண்டாலும் நூல், இரும்பெண்டாலும் நூல்.”

குகதாசனுக்கு மிச்சக் கதை காதில விழேல்லை. ஒரு நூல் எண்டா அங்குலத்தில எட்டில ஒண்டு. தச்சு வேலைக்காரரும் மேசன்மாரும் கதைக்கிற கணக்கு. லேத்தை மில்லிமீற்றரில படிச்சவனுக்கு அது நினைவில வரவேயில்லை. மூண்டு குத்தெண்டா மூண்டு நூல். ஒன்பதரை மில்லிமீற்றர்.

“தயா! அந்த மூலையில கறள் பெட்டி. அதுக்குள்ள பழைய கட்டர் கிடக்கு, எடு!”

“தேஞ்சு போச்செண்டு எறிஞ்சதெல்லோ?”

“தேயேல்லையடாப்பா. அது அந்தச் சைஸ்தான். பத்துத் தேஞ்சு ஒன்பதரை ஆனதெண்டு நான்தான் மடையன் மாதிரி நினைச்சனான்.”

மெசினோட வந்த அந்தக் கட்டர் மூண்டு குத்துக் கொலெற்றுக்குள்ள தட்டாமலே வழுக்கி இறங்கிச்சுது. இறுக்கினான். கையால சுத்திப் பாத்தான். ஆட்டம் இல்லை. இடது கையால சுவிச்சைப் போட்டான். மயிரளவு மயிரளவா இறக்கினான். வேகமா விட்டா கட்டர் போகும். மெதுவா விட்டா மழை வந்திடும். தயாபரன் எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தான்.

வெட்டு ஒன்பதரைதான் வந்தது. பத்துக் கீயை அரத்தில தேய்ச்சுத்தான் இறக்கவேணும். அதைத் தயாபரன் தேய்ச்சான். சாப்ற்றைத் தூக்கிக்கொண்டு வரம்பால ஓடிப் பூட்டேக்க மூண்டு மணி தாண்டிட்டுது.

மெசின் உறுமிக்கொண்டு வெட்டத் தொடங்க, கமலேஸ்வரியக்கா அரிவாளோட மற்றப் பக்கத்தால இறங்கினா. குகதாசன் இடது கையால அவா அறுத்த நெற்கதிரை அள்ளி அள்ளி மெசின் வாய்க்குக் குடுத்தான். ஒரு ஏக்கர் முடிஞ்சுது. அடுத்ததில கால்வாசி போகேல்லை, துளி விழுந்துது. பிறகு ஒரேயடியாக் கொட்டிச்சுது.

“தயா, இன்னொரு சுத்துப் போ! ஒரேயொரு சுத்து!” அவா மழைக்குள்ள நிண்டு கத்தினா.

“அக்கா, சில்லுத் தாழுது! இழுக்காது!”

மெசின் அந்தச் சேத்துக்குள்ளயே நிண்டிட்டுது. வெட்டாத நெல்லு அவையின்ர கண்ணுக்கு முன்னால தண்ணிக்குள்ள படுத்துது. மூண்டு பேருமா வெட்டின நெல்லு மூட்டையளுக்கு மேல தறப்பாளை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு குந்தியிருந்திச்சினம்.

“அக்கா, விடியவே நான் மீனம்மாவுக்குப் போன் அடிச்சிருந்தா…” எண்டு குகதாசன் தொடங்கினான்.

“வாயை மூடு தம்பி,” எண்டா கமலேஸ்வரியக்கா. “உன்ர பக்கத்தால தண்ணி போகுது. இறுக்கிப் பிடி.”