வூக் என்றால் ஓநாய்

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய்யின் நீளம் ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல ஒரு நொடி ஆனது. எழுத ஏழு மாதமாக முயல்கிறேன்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: “கும்மிடிப்பூண்டி சிப்காட்டை அன்று மெல்லிய பனி”. அடித்துவிட்டேன். அங்கே இருப்பது புகை.

2

நான் வேதியியல் படித்தவள். ஓர் இரும்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே புது இயந்திரம் பொருத்த செர்பியாவிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். வூக் கோவாச்செவிச். இதில் எது அவர் பெயர், எது அப்பா பெயர் என்று வாசலில் காவலர் குழம்பிவிட்டார். ஆங்கிலத்தில் கேட்டு எழுத என்னை அனுப்பினார்கள்.

கோவாச் என்றால் கொல்லர் என்றார். கோவாச்செவிச், கொல்லர் மகனின் வழி வந்தவர். முன்னோர் யாரோ இரும்பு அடித்திருக்கிறார்.

(குறிப்பு: நம் அப்பாக்கள் ஓர் எழுத்தாக முன்னால் நிற்கிறார்கள். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் போய்விடும். அவர்களுடைய கொல்லர் போகவே இல்லை.)

வூக் என்றால் ஓநாய். அவருக்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. சூனியக்காரி குழந்தைகளைத் தின்பாள், ஓநாயைத் தொடமாட்டாள் என்பது அங்கே பழைய நம்பிக்கை. “அதனால்தான் இருக்கிறேன்” என்று சிரித்தார்.

3

அப்போது டிராலி தள்ளிக்கொண்டு ஒப்பந்தத் தொழிலாளி ராஜமாணிக்கம் அந்தப் பக்கம்

(இல்லை. இரண்டு வரைவுகளில் அவருக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தேன். கதையிலும் அதே பொய். அவர் பெயர் குப்புராஜ். என் அப்பா.)

வூக் அப்பாவின் அட்டையைப் படித்தார். “குப்புராஜ். இதற்கு என்ன அர்த்தம்?” என்று என்னைக் கேட்டார்.

அப்பாவுக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நான்காவதைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பு என்று பெயரிட்டார்கள். சாவுகூட வேண்டாமென்று விட்டுவிடட்டும் என்றுதான். ராஜ், பள்ளிக்கூடத்தில் சேர்ந்துகொண்டது. இதை நான் சொல்லியிருந்தால் அந்த மனிதர் அப்பாவின் கையைப் பிடித்து

“கிங்” என்றேன்.

வூக் அப்பாவுக்குக் கைகூப்பினார். என் அட்டையில் ‘கே. நந்தினி’ என்றிருந்தது. அந்த கே. யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

4

அன்று சாயங்காலம் வீட்டுக்கு, பொன்னேரி போகும் ரயிலில்:

“இன்னாம்மா கேட்டாரு அந்த ஆளு?”

“பேருக்கு அர்த்தம்ப்பா.”

“கிங்குன்னியே. நம்பிட்டாரா?”

“ம்.”

“டிராலி தள்ளிக்கினு போற கிங்கு. அவுங்க ஊர்ல போய் சொல்லப் போறாரு, பாரு.”

சிரித்தார். பிறகு கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வூக் அடுத்த வாரம் ஊர் திரும்பினார்.

5

முடிவு ஒன்று: வூக்குக்கு மின்னஞ்சல் எழுதுகிறேன். “அன்புள்ள வூக், அன்று நான்”. இது என் வரைவுகளில் இன்னும் கிடக்கிறது. எழுதி முடித்தாலும் அப்பாவுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

முடிவு இரண்டு, நடந்துகொண்டிருக்கிறது. எனக்குக் கல்யாணம். நேற்று அப்பா சொன்னார்:

“பத்திரிகைல ராஜ்னு மட்டும் போடச் சொல்லும்மா. மாப்ள ஊட்டுல படிச்சவங்க. உனுக்கும் பேஜாரு இல்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு வசதி செய்து தருவதுபோலச் சொன்னார்.

அச்சகத்துக்காரர் இப்போது கைபேசியில் கேட்கிறார்: பெண்ணின் தகப்பனார் பெயர்? ‘குப்புராஜ்’ என்று முழுதாக அடித்துவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை. அப்பா எதிரில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். பெயரை மட்டும் அனுப்பினால், மகள் இரக்கப்பட்டாள் என்று நினைத்துக்கொள்வார். ஓநாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று அதை அவரிடமிருந்து மறைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

“அப்பா” என்றேன். நிமிர்ந்து பார்க்கிறார்.

இதற்கு மேல் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால், பேசிவிட்டதாக எழுதிவிடுவேன்.