விளக்குக்கு வராதவள்

துறைத்தலைவர் சொன்னால் சொன்னதுதான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ரகம். அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் அலுவலகத்தில் அவருக்கு 'மூணுகால்' என்றே பெயர். அந்த மூணுகால்தான் அன்று, அச்சுக்குப் போகவிருந்த அந்துப்பூச்சிப் பட்டியலில் துருச்சிறகன் என்ற இனத்தைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 'காற்றில் வந்தது' என்று எழுதி வைத்திருந்தார். அதாவது, இந்த வட்டாரத்துப் பூச்சியே இல்லையாம், வழி தவறி வந்ததாம்.

விளக்குக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காடுமேடெல்லாம் வெள்ளைத் துணி கட்டி, விளக்குப் போட்டு, வந்து ஒட்டிய பூச்சிகளை இனம் பிரித்தவள் அவள். அதில் வந்த பட்டப்பெயர் அது. துருச்சிறகன் விளக்குக்கு வந்தது இரண்டே தடவை, இரண்டும் ஆண். பெண்ணே இல்லாத பூச்சி இங்கே எப்படிக் குடித்தனம் நடத்தும் என்பது மூணுகாலின் வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் அலுவலக வேலியோர மரத்தில் அதுவரை யாரும் இனம் சொல்லாத கம்பளிப்பூச்சிகளை அவள் கண்டிருந்தாள். பொறுக்கிக்கொண்டு போய் வீட்டுச் சமையலறையில் பாட்டிலில் வளர்த்தாள்.

"ஊர்ல பிள்ளைங்க நாய் வளக்குது, கிளி வளக்குது. என் வயித்துல பொறந்தது கம்பளிப்பூச்சி வளக்குது. உடம்பெல்லாம் அரிக்குதுடி!" என்று அம்மா புலம்புவாள். புலம்பிக்கொண்டே இலையும் மாற்றிப் போடுவாள். அன்று காலை ஒரு கூடு திறந்து, பஞ்சு பிதுங்கிய தலையணை மாதிரி ஒன்று வெளியே வந்து, கூட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. "ஐயையோ, இதுக்கு றெக்கையே இல்லையேடி!" என்றாள் அம்மா.

விளக்குக்காரி அதை ஒரு வலைக்கூண்டில் கொண்டுபோய் மூணுகாலின் மேசையில் வைத்தாள்.

"சார், துருச்சிறகனோட பொண்ணு இதுதான். பறக்கவே முடியாதது எப்படி விளக்குக்கு வரும்?"

அவர் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். "இது ஏதோ வேற இனத்து நொண்டி. வீட்டுல வளத்தா இப்படித்தான் றெக்கை விரியாம வரும். தூக்கிப் போட்டுட்டுக் கையெழுத்தைப் போடும்மா. அச்சகத்துக்காரர் வெளிய உக்காந்திருக்கார்."

"போட மாட்டேன்."

"என்னது?"

"பொய்யான பட்டியல்ல என் பேரு இருக்காது சார்."

"அப்போ அடுத்த பூச்சிக் கணக்கெடுப்புலயும் உன் பேரு இருக்காது. யோசிச்சுக்கோ."

அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. தவிர, இது நிஜமாகவே நொண்டியாக இருந்துவிட்டால்? அதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனால் வாயைக் கொடுத்தாயிற்று.

"இது துருச்சிறகன் பொண்ணுன்னா, இது விடுற மணத்துக்கு அந்த ஆணுங்க வரும். நம்மளைவிட அதுங்களுக்கு நல்லாவே இனம் பிரிக்கத் தெரியும் சார். காத்து மணத்தைக் கலைச்சிடும், ஃபேனை மட்டும் கொஞ்சம் நிறுத்துங்க."

"அதெல்லாம் முடியாது, எனக்கு வேர்க்கும். அச்சகத்துக்காரர் டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும்தான் உனக்கு நேரம்."

ஃபேன் தடதடத்துக்கொண்டே இருந்தது. அவள் ஜன்னலை விரியத் திறந்து கூண்டை விளிம்பில் வைத்தாள். அந்தக் குண்டுப் பெண் பின்பக்கத்தை மெல்லத் தூக்கியது. அப்புறம் அசையவில்லை. வெளியே வெயில் காய்ந்தது. எங்கிருந்தோ ஒரு ஈ வந்து கூண்டைச் சுற்றியது.

"இதோ, மாப்பிள்ளை வந்துட்டாரு!" என்று மூணுகால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

விளக்குக்காரி பல்லைக் கடித்துக்கொண்டாள். 'கூப்பிடுடி, என் மானத்தைக் காப்பாத்துடி' என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். கதவருகே அச்சகத்துக்காரர் தலை தெரிந்தது. "சார், பக்கம் ரெடியா?"

"ரெடி, ரெடி" என்று மூணுகால் எழுந்தபோது, ஜன்னலில் துருநிறத்தில் ஏதோ தத்தளித்துக்கொண்டு வந்தது. வந்து வலையில் ஒட்டியது. பின்னாலேயே இன்னொன்று. அதற்குப் பின்னால் இரண்டு. திரைச்சீலையில் ஒன்று, கோப்பின் மேல் ஒன்று, மூணுகாலின் தோளிலேயே ஒன்று. எண்ண ஆரம்பித்த அவர் பாதியில் விட்டுவிட்டார். அத்தனையும் துருச்சிறகன்.

வழி தவறிய ஒன்று மேலே மேலே ஏறி ஃபேனை நெருங்கியது. "ஐயோ!" என்று அலறினாள் விளக்குக்காரி. அவள் எட்டுவதற்குள் மூணுகாலே பாய்ந்து சுவிட்சை அணைத்தார். என்ன இருந்தாலும் அவரும் பூச்சிக்காரர்தான்.

"இவ்வளவும் இங்கதான் இருந்துச்சா?"

"இங்கேயேதான் சார். நான் விளக்குப் போட்டுக் கூப்பிட்டேன், மதிக்கலை. வீட்டுக்காரி கூப்பிட்டதும் ஓடி வருது."

அவர் பட்டியலை அவள் பக்கம் நகர்த்தினார். "சரி சரி. திருத்திட்டுக் கையெழுத்தைப் போடு."

அவள் தொடவில்லை. தாளை அவர் பக்கமே திருப்பி, சிவப்புப் பேனாவை அதன் மேல் வைத்தாள்.

"அடிச்சது நீங்க. நீங்களே எழுதுங்க சார். அப்புறம் நான் கையெழுத்துப் போடுறேன்."

மூணுகால் அவளைப் பார்த்தார், கதவருகே நின்ற அச்சகத்துக்காரரைப் பார்த்தார். பிறகு நெற்றி வியர்வையை இடது கையால் வழித்துக்கொண்டே எழுத ஆரம்பித்தார். ஃபேனைப் போடச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.